இத்தாலிய மாடுலர் புத்தக அலமாரி: பார்த்து வாங்குவது முதல் நிமிர்த்தி நிறுத்துவது வரை

1950, 60களில் செய்த இத்தாலிய மாடுலர் புத்தக அலமாரியை, அதாவது பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டி நீட்டக்கூடிய அலமாரியை, பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மரத்தைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். ரேகை அழகாக ஓடுகிறதா, பாலிஷ் மின்னுகிறதா என்று கவனிக்கிறார்கள். அடுத்து விலை பேசுகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு: முதலில் இரும்பையும் பித்தளையையும் எண்ணுங்கள். மங்கிய பாலிஷை நல்ல ஆசாரி ஒருவர் சில நாளில் மீட்டுவிடுவார். தூணின் முனையில் திருகி உயரம் மாற்றும் உலோகக்கால், அதாவது அந்த ஒரு அலமாரிக்கென்றே கடைந்த திருகுக்கால், தொலைந்திருந்தால் அந்தத் தூண் நிற்காது. தூண் நிற்காவிட்டால் மற்ற எல்லாமே சும்மா அடுக்கிவைத்த பலகைகள்தான்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு எண்ணத்தைச் சுற்றியே போகிறது. உதாரணமாக நான் அதிகம் பேசப்போவது இத்தாலியக் கட்டடக் கலைஞர் பிராங்கோ அல்பினி வடிவமைத்த எல்.பி.7 என்ற அலமாரி பற்றி. ஆனால் படிகள் அந்த வகை அலமாரிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கொஞ்சம் பின்னணி

அல்பினி 1905இல் மிலானுக்கு அருகே உள்ள ரோப்பியாத்தேயில் பிறந்தவர். மிலான் பாலிடெக்னிக்கில் 1929இல் கட்டடக்கலை முடித்து, கட்டடக் கலைஞர் ஜியோ போன்டியின் அலுவலகத்தில் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார். ஜெனோவாவின் அருங்காட்சியகங்களையும், பிராங்கா ஹெல்குடன் சேர்ந்து 1964இல் திறக்கப்பட்ட மிலான் மெட்ரோவின் முதல் தடத்து நிலையங்களையும் வடிவமைத்தவர் இவரே. புத்தக அலமாரி அவரை வாழ்நாள் முழுக்க விடாத ஒரு கேள்வி. 1940 வாக்கில் தன் சொந்த வீட்டுக்கு ‘வெலியெரோ’ என்ற ஒன்றைச் செய்துகொண்டார்: சாய்ந்த இரண்டு மரக் கம்பங்கள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள், நடுவில் தொங்கும் கண்ணாடித் தட்டுகள். பார்த்தால் மூச்சு நிற்கும். ஆனால் அதை ஊருக்கெல்லாம் செய்து விற்க முடியாது.

விற்கக்கூடியதாக வந்தது எல்.பி.7. பாவியா நகரத்து போஜி பட்டறை 1956-57 வாக்கில் இதைத் தயாரித்தது. 1955இல் கொம்பாஸ்ஸோ தோரோ என்ற இத்தாலிய வடிவமைப்பு விருது பெற்ற அல்பினியின் லூயிசா நாற்காலியைச் செய்ததும் இதே பட்டறைதான். அந்த விருது பெற்ற கைகள்தான் இந்தத் தூண்களையும் இழைத்தன என்பது எனக்குப் பெரிய விஷயம். இரு முனையும் ஒடுங்கிய மெல்லிய தூண்கள், முனைகளில் திருகி உயரம் மாற்றும் உலோகப் பாகங்கள், தூண்களுக்கு நடுவே விரும்பிய உயரத்தில் தட்டுகள், வேண்டிய இடத்தில் கதவோ இழுப்பறையோ உள்ள பெட்டிகள். முதுகுப் பலகை கிடையாது. சுவர் முழுக்கப் பரப்பலாம். ஹாலின் நடுவில் நிறுத்தி ஒரே அறையை இரண்டாகவும் பிரிக்கலாம்.

இப்படி ஒரு பொருள் அந்தக் காலத்தில் ஏன் தேவைப்பட்டது? போர் முடிந்த இத்தாலியில் வீடே போதவில்லை. 1949இல் தொடங்கி 1963 வரை நடந்த இனா-காசா அரசுத் திட்டம் நாடு முழுக்கச் சிறிய அடுக்ககங்களைக் கட்டியது. பாட்டன் காலத்துக் கனத்த பீரோவுக்கு அந்த அறைகளில் இடமில்லை. குடும்பம் வளர வளர நீட்டிக்கொள்ளவும், வாடகை வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகவும் ஒன்று வேண்டியிருந்தது. கழற்றி மாட்டுவது இதன் கூடுதல் வசதி இல்லை. இது பிறந்த காரணமே அதுதான். அறுபது ஆண்டுகளில் பல வீடு மாறி வந்திருக்கும் என்பதையும், ஒவ்வொரு இடமாற்றத்திலும் ஏதோ ஒரு சின்னப் பாகம் தொலைந்திருக்கலாம் என்பதையும் இங்கிருந்தே புரிந்துகொள்ளலாம்.

படி 1: எப்படி நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

மாடுலர் என்று விற்பனையாளர் சொல்வதை வைத்து ஒன்றும் தெரியாது. நான்கு விதம் உண்டு.

முதல் வகை, தரைக்கும் கூரைக்கும் இடையே தூணை முட்டுக்கொடுத்து நிறுத்துவது. இரண்டாவது, தூணையோ உலோகப் பட்டையையோ சுவரில் திருகாணியால் பிடிப்பது. மூன்றாவது, தானே தரையில் நிற்பது. நான்காவது, தூணே இல்லாமல் பலகையோடு பலகை கோத்து வளர்வது. ஆஞ்ஜெலோ மாஞ்ஜியாரோத்தியின் கப்8, என்ஸோ மாரியின் கிளிஃபோ போன்ற 1960களின் பிற்பகுதி வடிவமைப்புகள் இந்த வகை.

முதல் வகைக்கு உறுதியான கூரை வேண்டும். இரண்டாவதுக்கு உறுதியான சுவர் வேண்டும். மூன்றாவதுக்குத் தரை சமமாக இருக்க வேண்டும். நான்காவதில் பிளாஸ்டிக் இணைப்புப் பட்டைகள் காய்ந்து நொறுங்கியிருக்கிறதா என்பதுதான் முழுக் கேள்வி. வாடகை வீட்டில் சுவரில் துளை போடக்கூடாது என்றால் இரண்டாவது வகையைப் பார்க்கவே போகாதீர்கள்.

இனி எழுதுவது பெரும்பாலும் முதல் வகைக்கு.

படி 2: வீட்டை அளந்த பிறகே கடைக்குப் போங்கள்

இத்தாலியில் 1975ஆம் ஆண்டின் அரசாணை வசிப்பறையின் குறைந்தபட்ச உயரத்தை 2.70 மீட்டர் என்று வைத்தது. அதற்கு முந்தைய வீடுகளில் கூரை இதைவிட உயரமாக இருப்பது சாதாரணம். இன்று பல நாடுகளில் கட்டும் புது அடுக்ககங்களில் 2.40 மீட்டர்தான் கிடைக்கிறது. அந்தக் காலத்துத் தூண் உங்கள் அறைக்குள் நிமிராமலே போகலாம். ‘கொஞ்சம் அறுத்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அறுத்த தூணில் முனையின் ஒடுக்கமும் போய்விடும், உள்ளே பதித்த மரைக்குழாயும் போய்விடும். மதிப்பு போவது அப்புறம்; முதலில் அது நிற்காது.

அளக்கும் விதம்: தூண் நிற்கப்போகும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகத் தரையிலிருந்து கூரை வரை அளந்து எழுதுங்கள். ஒரே அறையில் இரண்டு முனைகளுக்கு நடுவே 1 முதல் 2 செ.மீ. வித்தியாசம் வருவது சகஜம். மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிக எண்ணையும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். விற்பவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ‘உயரம் எவ்வளவு’ இல்லை. ‘திருகுக்காலை முழுக்க உள்ளே தள்ளினால் எவ்வளவு, பத்திரமாக நீட்டினால் எவ்வளவு’ என்பதே.

பத்திரமாக நீட்டுவது என்றால், திருகின் தண்டில் அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது மரைக்குள் இருக்க வேண்டும். 8 மி.மீ. திருகு என்றால் 12 மி.மீ. உள்ளே. அதற்குக் குறைந்தால் பக்கவாட்டில் ஒரு தள்ளு போதும், மரை பிய்த்துக்கொள்ளும்.

கூரையைத் தட்டிப் பாருங்கள். ஜிப்சம் பலகை போட்ட பொய்க்கூரை என்றால் தூணை அதில் முட்டவைக்க முடியாது. மேலே உள்ள காங்கிரீட் வரை போகும் ஒரு கட்டையைப் பொய்க்கூரைக்குள் பதித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதை அலமாரி வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

தூணுக்குக் கீழே வரும் எடையையும் ஒருமுறை கணக்குப் போடுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் சாதாரணமாக 20 முதல் 35 கிலோ வரும்; பளபளப்புத் தாளில் அச்சிட்ட ஓவிய நூல்கள் 40ஐத் தாண்டும். 30 என்று வைத்துக்கொள்வோம். 80 செ.மீ. தட்டு ஒன்றுக்கு 24 கிலோ. ஒரு பத்தியில், அதாவது இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள தட்டு வரிசையில், ஆறு தட்டு என்றால் 144 கிலோ. நடுத்தூண் இரண்டு பக்கப் பத்திகளிலிருந்தும் பாதிப் பாதி வாங்குகிறது; ஆகவே மரத்தின் எடை சேராமலே அந்த ஒரு முனையில் 144 கிலோ இறங்குகிறது. அந்த முனையின் அகலமோ ஒரு நாணயம் அளவு. மரத்தரை, வினைல் தரை என்றால் அடியில் 8 முதல் 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு பித்தளை அல்லது எஃகுத் தகடு வைக்கத் திட்டமிடுங்கள்.

படி 3: விலைக்கு முன் பாகப் பட்டியல்

விற்பவரிடம் எல்லாப் பாகங்களையும் ஒரு துணியில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நின்றுகொண்டிருக்கும் அலமாரியின் படம் போதாது. நிற்கும்போது மேல்தட்டுக்குப் பின்னால், தூணின் துளையில் செருகித் தட்டைத் தாங்கும் முளைகளில் இரண்டு குறைந்தாலும் வெளியே தெரியாது.

எண்ணவேண்டியவை: தூண்கள், மேல் முனைகள், கீழ் முனைகள், அவற்றின் பூட்டு நட்டுகள், தட்டு ஒன்றுக்கு எத்தனை முளை என்பதும் மொத்த முளையும், பெட்டியைத் தூணோடு பிடிக்கும் திருகாணிகள், கதவுச் சாவி, கீல்கள், இழுப்பறையின் கைப்பிடிகள். தட்டுகளின் எண்ணிக்கையைக் கடைசியில் பார்த்தாலும் பரவாயில்லை.

பட்டியலில் ஒன்றிரண்டு முளை குறைந்தால் பயப்படவேண்டாம். ஒரு நல்ல லேத் பட்டறை அசலைப் பார்த்துக் கடைந்து கொடுத்துவிடும். ஆனால் அசல் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். எல்லாக் கீழ் முனைகளும் போய்விட்டன, அளவு எடுக்க ஒன்றுகூட இல்லை என்றால் அந்த அலமாரியை நான் வாங்கமாட்டேன், விலை எவ்வளவு இறங்கினாலும்.

படி 4: நேரில் பார்க்கும்போது

கைவிளக்கு, அளவுநாடா, சின்ன பூதக்கண்ணாடி, மெல்லிய நூல் ஒரு சுருள் கொண்டுபோங்கள்.

தூணைக் கிடத்தி, முளைத் துளைகள் உள்ள பக்கத்தில் விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். நல்ல துளை சுத்தமான வட்டமாக இருக்கும். அதன் விளிம்பைச் சுற்றி முளையின் கழுத்து அழுத்திய மெல்லிய வளையத் தடம் தெரியும். அதிக பாரம் சுமந்த துளை கீழ்ப்பக்கம் இழுபட்டு முட்டை வடிவமாகியிருக்கும். முளையை உள்ளே விட்டு விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள். மயிரிழை ஆட்டம் சரி. கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் என்றால் அந்தத் துளையை மரத்தால் அடைத்து மறுபடி போடவேண்டும். ஒரு தூணில் இரண்டு மூன்று துளை இப்படி இருப்பது இயல்பு. எல்லாத் தூண்களிலும் இருந்தால் இது ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்புகளின் பாரம் சுமந்திருக்கிறது.

அதே வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். ஈட்டி மரம் வெயில் பட்டால் வெளுக்கும். தட்டு இருந்த இடத்தில் தூணின் மேல் அடர்ந்த பட்டை ஒன்று நிழல்போல் தங்கியிருக்கும். அந்தப் பட்டைகளின் உயரம் எல்லாத் தூண்களிலும் பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்போனால் இந்தத் தூண்கள் பல ஆண்டு ஒன்றாக வாழ்ந்தவை. ஒன்றில் மட்டும் ஒத்துப்போகவில்லையா, அது வேறு ஒரு தொகுப்பிலிருந்து வந்து சேர்ந்தது. அப்படிச் சேர்ப்பது குற்றமல்ல. மாடுலர் என்பதே அதற்குத்தான். ஆனால் விற்பவர் அதைச் சொல்ல வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

தூணின் நீளத்துக்கு நூலை இழுத்துப் பிடித்து வளைவு பாருங்கள். நூலுக்கும் மரத்துக்கும் நடுவில் 2, 3 மி.மீ. இடைவெளி பரவாயில்லை. 1 செ.மீ. என்றால் வேண்டாம்.

தட்டுகள் பெரும்பாலும் முழுமரம் இல்லை. உள்ளே கட்டைத் துண்டுகளை ஒட்டிச் செய்த பலகை (பிளாக்போர்டு) அல்லது பிளைவுட், மேலே வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு, முன் விளிம்பில் மட்டும் முழுமரப் பட்டி. அக்காலத்து நல்ல பட்டறைகளும் இப்படித்தான் செய்தன. அகலமான முழுமரப் பலகை பருவத்துக்குப் பருவம் வளையும், இது வளையாது. அதனால் வெனீர் என்று கேட்டதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. விரல் நகத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை உள்ளீடற்றதாக மாறும் இடத்தில் வெனீர் தூக்கிக்கொண்டிருக்கிறது.

பூச்சி: 1 முதல் 2 மி.மீ. வட்டத் துளைகள், அடியில் மாவுபோன்ற தூள். துளை பழையது என்றால் உள்விளிம்பு கருத்திருக்கும். தூள் வெளிர்நிறமாகப் புதிதாக உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அப்படியே வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம் வைக்கும் குளிர் அறையோ, ஆக்சிஜனை வெளியேற்றும் முறையோ தெரிந்த பூச்சி ஒழிப்பு நிறுவனத்திடம் முதலில் போகட்டும்.

அசலா, மறுபதிப்பா என்ற கேள்வியும் வரும். மேதா நகரத்து கஸ்ஸினா நிறுவனம் எல்.பி.7ஐ ‘இன்ஃபினிட்டோ’ என்ற பெயரில் மறுபடி தயாரித்திருக்கிறது. அது நாணயமான மறுபதிப்பு. தினசரி உபயோகத்துக்கு அதையே தேர்ந்தெடுப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், உதிரிபாகத் தொல்லை இல்லை. ஆனால் அதைப் பழையது என்று சொல்லி விற்கக்கூடாது. பழைய துண்டில் முத்திரையோ சீட்டோ இல்லாமலிருப்பது சாதாரணம். அதனால் முத்திரையைத் தேடி நேரம் போக்காமல் தேய்மானத்தைத் தேடுங்கள்: ஒற்றைக் கீறல் தலை கொண்ட திருகாணிகள், மரைக்குள் படிந்த கருமை, பெட்டியின் பின்பக்கம் வெயில் படாத மரத்தின் நிறம். மூன்றும் ஒரே வயதைச் சொல்ல வேண்டும்.

படி 5: என்ன மரம், என்ன காகிதம்

இத்தாலிய அலமாரிகளில் வால்நட், தேக்கு, ஈட்டி மூன்றும் வரும். வால்நட்டுக்கும் தேக்குக்கும் எல்லை தாண்ட மரம் சார்ந்த அனுமதி தேவையில்லை. ஈட்டிக்குத் தேவை.

பிரேசில் ஈட்டி 1992இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்குப் போனது. அதற்கு முந்தைய பொருள் என்று நிரூபிக்கும் சான்றிதழ் இல்லாமல் வேறு நாட்டுக்கு அனுப்ப முடியாது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி, அதாவது தோதகத்தி, 2017 ஜனவரியிலிருந்து இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. ஒரு சரக்கில் அந்த மரம் 10 கிலோவுக்கு உட்பட்டிருந்தால் முடிந்த பொருளுக்கு விலக்கு உண்டு. ஒரு தூண் வரிசையே 10 கிலோவைத் தாண்டக்கூடும் என்பதால் அந்த விலக்கை நம்பி உட்காராதீர்கள். அந்தக் காலத்து இத்தாலியப் பட்டறைகள் இரண்டு ஈட்டியையும் வெனீராக வாங்கின. வெறும் கண்ணால் இதுதான் என்று அடித்துச் சொல்கிறவரை நம்பவேண்டாம். சந்தேகமிருந்தால் மரச் சோதனைக்கூடத்துக்கு ஒரு சீவல் அனுப்புங்கள்.

இத்தாலியிலிருந்து வெளியே எடுக்கும்போது இன்னொரு சட்டமும் இருக்கிறது. மறைந்த கலைஞரின் படைப்பு 70 ஆண்டைத் தாண்டினால் ஏற்றுமதி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 13,500 யூரோவுக்குக் குறைந்த மதிப்பு என்றால் உறுதிமொழிக் கடிதம் போதும். 2017க்கு முன் இந்த வரம்பு 50 ஆண்டாக இருந்தது. அல்பினி 1977இல் காலமானார். எல்.பி.7இன் ஆரம்பகால உருப்படிகள் 2027 வாக்கில் 70ஐத் தொடும். வாங்க நினைப்பவர்கள் இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. காகித வேலையை விற்பவரே முடித்துத் தரவேண்டும் என்று பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: கழற்றுவதும் கட்டுவதும்

கழற்றும் முன் எண் இடுங்கள். தூண்களுக்கு அ, ஆ, இ. தட்டுகளுக்கு 1, 2, 3. பெயின்டர் டேப்பில் எழுதி, மரத்தின் முகப்பில் ஒட்டாமல் மேல்முனையிலோ அடியிலோ ஒட்டுங்கள். சாதாரண ஒட்டுநாடா பழைய பாலிஷை உரித்துக்கொண்டு வரும்.

மேலிருந்து தட்டுகளை எடுங்கள், ஆனால் அடித்தட்டும் மேல்தட்டும் கடைசி வரை இருக்கட்டும். அவை இரண்டும்தான் தூண்களைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. முளைகளை ஒவ்வொரு தூணுக்கும் தனி உறையில் போடுங்கள். வருஷக்கணக்கில் ஒரே துளையில் தேய்ந்த முளை அந்தத் துளைக்கே பொருந்தும். இறுகிப்போன திருகாணியை வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். திருப்புளியின் வாய் கீறலின் முழு அகலத்துக்கும் பொருந்த வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

கட்டும்போது பாலிஷ் மேல் நேரடியாக பபிள் ஷீட் சுற்றவேண்டாம், கப்பலில் வெப்பம் ஏறினால் குமிழித் தடம் பதியும். முதலில் பருத்தித்துணி அல்லது அமிலமில்லாத தாள், அதன் மேல் நுரை, அதன் மேல் அட்டை. திருகுக்கால்களைக் கழற்றித் தனிப்பெட்டியில் போட்டு அந்தப் பெட்டியை நீங்களே கையில் கொண்டுபோங்கள்.

படி 7: பழுது, அளவோடு

வந்து சேர்ந்ததும் கட்டுகளைப் பிரித்து, அலமாரியை நிமிர்த்தாமல், அறையிலேயே இரண்டு வாரம் வைத்திருங்கள். வட இத்தாலியின் போ சமவெளிக் காற்றில் பழகிய மரம் கடலோர ஊரின் ஈரத்தில் வந்து சேர்ந்தால் ஊதும். ஊதி அடங்கிய பிறகு பழுது பார்ப்பதுதான் நிலைக்கும்.

பாலிஷ் என்ன என்று தெரியாமல் எதையும் தேய்க்காதீர்கள். தட்டின் அடியில் ஒரு மூலையில் ஸ்பிரிட் ஒரு சொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். அதை அதே அரக்கால் மீட்கலாம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் நைட்ரோ லாக்கர். இரண்டுக்கும் அசையாமல் கண்ணாடிபோல் நின்றால் பாலியெஸ்டர். 60களின் பளபளப்பு அலமாரிகளில் இது அதிகம். பாலியெஸ்டரில் வெடிப்பு விட்டிருந்தால் வீட்டில் கை வைக்காதீர்கள்.

தூக்கிய வெனீருக்கு முதலில் பழைய வச்சிரமா (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த பசை) என்று பாருங்கள். ஈரத்துணி போட்டு மிதமான இஸ்திரிப் பெட்டியைச் சில நொடி வைத்தால் வச்சிரம் இளகித் தானே பிடித்துக்கொள்ளும். உடனே ஒரு கட்டையும் பாரமும் வைத்து ஆறவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் அது செயற்கைப் பசை. ரேகையின் போக்கிலேயே பிளேடால் மெல்லக் கீறி, ஊசிக்குழலில் மரப்பசை ஏற்றி அழுத்துங்கள். அரக்கு பாலிஷ் மேல் இஸ்திரி வைத்தால் வெள்ளை படியும். அதற்கு மேலே இரண்டு மடிப்புத் தாள் போட்டுக்கொள்வது நல்லது.

பித்தளையைப் பளிச்சென்று துலக்கிவிட வேண்டாம். வெந்நீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ், உலர்ந்த துணி போதும். சுற்றியிருக்கும் மரம் அறுபது வயதில் இருக்க, முனை மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் இருந்தால் கண்ணை உறுத்தும்.

லேத் பட்டறைக்குப் போனால் விட்டத்தோடு மரையின் இடைவெளியையும் அளக்கச் சொல்லுங்கள். சாதாரண மெட்ரிக் மரையில் 6 மி.மீ.க்கு 1.0, 8க்கு 1.25, 10க்கு 1.5. பழைய பட்டறைகள் இதைவிட நெருக்கமான மரையும் போட்டிருக்கும். ஊகத்தில் செய்த திருகு நான்கு சுற்று உள்ளே போய்ச் சிக்கி அசல் மரையையும் கெடுக்கும். புதிதாகச் செய்த பாகத்தில், கண்ணுக்குப் படாத பக்கத்தில், ஒரு புள்ளி குத்தச் சொல்லுங்கள். உங்களுக்குப் பின் வாங்குகிறவர் எது அசல் என்று தெரிந்துகொள்ள அது ஒன்றே வழி.

படி 8: நிமிர்த்துதல்

இரண்டு பேர் கட்டாயம், மூன்று பேர் இருந்தால் நிம்மதி. ரசமட்டம், தூக்குக்குண்டு, ஏணி, சுண்ணாம்புக் கயிறு அல்லது லேசர் மட்டம், நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர்.

தரையில் நேர்கோடு அடித்துத் தூண்களின் இடத்தைக் குறியுங்கள். தூணுக்குத் தூண் இடைவெளியை அளவுநாடாவால் அல்ல, தட்டையே கிடத்திக் குறியுங்கள். தட்டுகள் ஒன்றுக்கொன்று ஒரு மி.மீ. வித்தியாசப்படும். ஒவ்வொரு தரைப் புள்ளிக்கும் நேர் மேலே கூரையில் தூக்குக்குண்டு பிடித்து மேல்புள்ளியைக் குறியுங்கள். இந்த ஒரு வேலைக்கு அவசரப்படாதீர்கள். மேல்புள்ளி 5 மி.மீ. தள்ளிப்போனால் கடைசித் தட்டு உட்காராது, அப்போது எல்லாவற்றையும் இளக்க வேண்டிவரும்.

கீழ்த் தகடுகளை வைத்து, ஓரத்துத் தூணை நிறுத்தி, மேல்முனையைக் கைவிசையால் மட்டும் தொடும்வரை திருகுங்கள். ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்கட்டும். இரண்டாவது தூணை அதேபோல் நிறுத்தி அடித்தட்டைக் கோத்துவிடுங்கள், பிறகு மேல்தட்டு. இப்போது ஒரு சட்டம் கிடைத்துவிட்டது. அதன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் சமமாக வரும்வரை கீழ்த் திருகுக்கால்களை ஏற்றி இறக்குங்கள். சமமானதும் முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் ரசமட்டம் வையுங்கள். அதன்பின் அடுத்த தூண், அடுத்த பத்தி.

தட்டின் உயரத்தைத் தரையிலிருந்து அளக்கவேண்டாம், தரை சரிந்திருக்கும். லேசர் கோட்டிலிருந்தே அளங்கள்.

எல்லாப் பத்தியும் நின்ற பிறகுதான் மேல்முனைகளை இறுக்குவது. பலர் கூரையைத் தூக்குவதுபோல் முறுக்குகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. புத்தகத்தின் எடை முழுக்கத் தரைக்குத்தான் போகிறது. மேல்முனையின் வேலை, தூண் முன்னாலோ பின்னாலோ சாயாமல் அதன் இடத்தில் நிறுத்துவது மட்டும். அதிகமாக முறுக்கினால் மெல்லிய தூண் நடுவில் வில்லாக வளையும்; வளைந்த தூண் பாரம் ஏற ஏற இன்னும் வளையும். கையால் இறுகியபின் ஸ்பேனரால் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. நூலை நீளவாக்கில் பிடித்துப் பாருங்கள். படி 4இல் அளந்த வளைவைவிடக் கூடியிருந்தால் இளக்குங்கள். பிறகு பூட்டு நட்டை இறுக்குங்கள்.

பெட்டிகளை இடுப்பு உயரத்துக்குக் கீழேயே மாட்டுங்கள். எழுதும் பலகை மடங்கி விரியும் பெட்டி இருந்தால் அது மேசை உயரத்துக்கு, 72 முதல் 75 செ.மீ. வரை.

குழந்தைகள் உள்ள வீடு, நிலநடுக்கப் பகுதி என்றால் ஓரத் தூண்களை மேலே ஒரு சிறிய கோணத் தகட்டால் சுவரோடு பிடியுங்கள். அசல் மரத்தில் புதுத் துளை போடாமல், ஏற்கெனவே இருக்கும் துளை ஒன்றையே பயன்படுத்த முடியும்.

படி 9: புத்தகம் ஏற்றுவது

கீழிருந்து மேலே, நடுவிலிருந்து இரு பக்கமும். ஒரே நாளில் நிரப்பாதீர்கள். பாதி ஏற்றி ஒரு வாரம் விட்டு மேல்முனைகளை மறுபடி தொட்டுப் பாருங்கள். மரத்தரையும் விரிப்பும் பாரத்தில் ஒன்றிரண்டு மி.மீ. அமுங்கும், மேலே அந்த அளவு இளகியிருக்கும்.

தட்டு தொய்வதைப் பற்றிப் பலருக்குச் சரியான கணக்கு தெரிவதில்லை. ஒரே சீராகப் புத்தகம் அடுக்கிய தட்டில் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்காகக் கூடுகிறது. 75 செ.மீ. தட்டுக்குப் பதிலாக 90 செ.மீ. வைத்தால் நீளம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, தொய்வோ இரண்டு மடங்கு. கனத்தைக் கூட்டினால் மூன்றாம் அடுக்காகக் குறையும்: 20 மி.மீ. தட்டை 25 ஆக்கினால் தொய்வு பாதியாகும். ஆகவே உங்கள் தொகுப்பில் இரண்டு நீளத் தட்டுகள் இருந்தால் அகராதிகளும் ஓவிய நூல்களும் குட்டைத் தட்டுக்குப் போகட்டும், நீளத் தட்டில் கவிதையும் நாவலும். நீளத் தட்டிலும் கனமான நூல்களைத் தூண் ஓரமாக வைத்து நடுவில் இலேசானவற்றை வையுங்கள்.

ஏற்கெனவே தொய்ந்த தட்டைத் தலைகீழாகப் போட்டால் பல மாதத்தில் ஓரளவு நேராகும். மறுபக்கம் வெனீர் அதே தரத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

பராமரிப்பு

உலர்ந்த பருத்தித்துணி. சிலிகான் கலந்த ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். பின்னால் எந்த ஆசாரியும் அதன் மேல் பாலிஷ் பிடிக்கவைக்க முடியாது. நேர்வெயில் படும் ஜன்னலுக்குத் திரை போடுங்கள். ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் மரத்துக்கு நிம்மதி. முதுகுப் பலகை இல்லாததால் சுவரிலிருந்து 3, 4 செ.மீ. தள்ளி நிறுத்தினால் புத்தகத்துக்குப் பின்னால் காற்றும் ஓடும், பூஞ்சையும் பிடிக்காது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேல்முனைகளையும் பூட்டு நட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். மிஞ்சிய முளைகள், மாற்றுத் திருகுகள், உங்கள் அளவுக் குறிப்பு, அசல் திருகுக்காலின் மரை அளவு எழுதிய சீட்டு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் அடிப்பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். விற்கும்போதோ வீடு மாறும்போதோ அந்த டப்பா அலமாரியோடு போக வேண்டும்.